மாத்திரை போட்டும் இறங்காத கொலஸ்ட்ரால்: படிப்படியாக என்ன செய்யலாம்?

மருத்துவர் எழுதிக் கொடுத்த, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை மாதக்கணக்கில் போடுகிறீர்கள். பொரித்ததைக் குறைத்தாயிற்று, பேக்கரிப் பக்கம் போவதையும் விட்டாயிற்று. அப்படியும் ரிப்போர்ட்டில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 140, 150 என்றே நிற்கிறது. வீட்டில் எல்லாரும் இன்னும் வாயைக் கட்டச் சொல்கிறார்கள். நீங்களும் உங்களையே நொந்துகொள்கிறீர்கள்.

இதில் உங்களை நொந்துகொள்ள வேண்டிய பங்கு மிகக் குறைவு. உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல்லை வடிகட்டி எடுப்பது கல்லீரலின் வேலை. அந்த வேலை எவ்வளவு நன்றாக நடக்கும் என்பதை மரபணுக்கள் பெருமளவு தீர்மானிக்கின்றன. இன்னொரு பக்கம், மருந்துகள் முன்பு இல்லாத அளவுக்குப் பெருகிவிட்டன. ஆனால் பலருடைய சிகிச்சை முதல் மாத்திரையோடு நின்றுவிடுகிறது. அங்கே நின்றுபோனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்லும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். அவரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கான குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: உண்மையிலேயே கட்டுப்படவில்லையா?

மருந்தைத் தொடங்கினாலோ மாற்றினாலோ 4 முதல் 12 வாரத்துக்குள் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். 10 நாளில் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அடுத்து, மாத்திரையை உண்மையில் எத்தனை நாள் போட்டீர்கள்? ஊருக்குப் போனபோது விட்டுப்போனது, அட்டை தீர்ந்து ஒரு வாரம் வாங்காமல் இருந்தது, ரிப்போர்ட் நன்றாக வந்ததும் நிறுத்தியது எல்லாம் கணக்கில் வரும். ஸ்டாட்டினை நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே போய்விடும். மருத்துவரிடம் இதை மறைத்தால் அவர் தேவையில்லாமல் டோஸை ஏற்றுவார். கை கடிக்கிறது என்பதால் விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டும் மக்கள் மருந்தகங்களில் மலிவாகவே கிடைக்கின்றன.

ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பையும் ஒரு பார்வை பாருங்கள். பல பரிசோதனைக் கூடங்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ராலையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து வருவதுதான் அந்த எண். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது நேரடி எல்டிஎல் பரிசோதனை கேட்க வேண்டும். அல்லது மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லை மட்டும் கழித்து வரும் எண்ணை வைத்துச் சிகிச்சையைத் தீர்மானிக்கலாம்.

இரண்டாம் படி: உங்கள் இலக்கு எண் எது?

ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் ‘நார்மல்’ எல்லாருக்கும் பொருந்தாது. இந்திய இதயவியல் கழகம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஆபத்து குறைவானவர்களுக்கு எல்டிஎல் 100-க்குக் கீழே இருந்தால் போதும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை உள்ள அதிக ஆபத்துக்காரர்களுக்கு 70. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் போன்ற மிக அதிக ஆபத்துக்காரர்களுக்கு 55. எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு மில்லிகிராம் கணக்கில்.

ஸ்டென்ட் வைத்த ஒருவர் எல்டிஎல் 90 என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியாக இருந்தால், அவருக்குச் சேர வேண்டிய சிகிச்சை இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். "டாக்டர், எனக்கு எந்த எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும்?" என்று கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கூடவே வாழ்நாளில் ஒரே ஒரு முறை லிப்போபுரோட்டீன் (ஏ) பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இது எல்டிஎல் போன்ற ஒரு கொழுப்புத் துகள், அதன் அளவு பிறப்பிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மாரடைப்பு ஆபத்து கூடும். இந்தியர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு இது அதிகமாக இருப்பதாக அதே கழகம் சொல்கிறது. ஸ்டாட்டின் இதைக் குறைக்காது. அதனால் இது அதிகம் உள்ளவர்கள் எல்டிஎல் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: வேறு நோய் ஒளிந்திருக்கிறதா?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். தைராய்டு மந்தமாக இருந்தால் எல்டிஎல் ஏறும், ஸ்டாட்டினால் தசை வலி வரும் வாய்ப்பும் கூடும். டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத் தைராய்டைச் சரிசெய்தாலே சிலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சிறுநீரில் புரதம் கொட்டும் சிறுநீரக நோய், பித்த ஓட்டம் அடைபடும் கல்லீரல் நோய், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். நீண்ட நாள் ஸ்டீராய்டு, மாற்று உறுப்பு வைத்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினாயின் ஆகியவையும் கொழுப்பை ஏற்றும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பேலியோ உணவுமுறைக்குப் பெரிய வரவேற்பு உண்டு. எடையும் சர்க்கரையும் குறைந்தவர்கள் பலர். ஆனால் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தி நெய், வெண்ணெய், பன்னீர், கொழுப்புள்ள இறைச்சி என்று மாறும்போது சிலருக்கு எல்டிஎல் கடுமையாக எகிறுகிறது. ‘பெரிய துகள் எல்டிஎல் ஒன்றும் செய்யாது’ என்று குழுக்களில் சொல்லப்படும் ஆறுதலை நம்ப வேண்டாம். எல்டிஎல் 190-ஐத் தாண்டியிருந்தால் உணவை மாற்றிவிட்டு மறுபடி பரிசோதித்துப் பாருங்கள்.

நான்காம் படி: குடும்பத்திலிருந்து வந்ததா?

மருந்து தொடங்கும் முன்பே எல்டிஎல் 190-க்கு மேல் இருந்தால், அல்லது அப்பா, சித்தப்பா, மாமா என்று யாருக்காவது 55 வயதுக்குள்ளும் அம்மா, அத்தை, சித்தி யாருக்காவது 65 வயதுக்குள்ளும் மாரடைப்பு வந்திருந்தால், பரம்பரை அதிக கொலஸ்ட்ரால் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உலகில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. குதிகாலுக்கு மேலே உள்ள தசைநார் தடித்திருப்பது, கைவிரல் மூட்டுகளின் பின்பக்கத் தசைநாரில் கட்டி, 45 வயதுக்குள்ளேயே கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். இவை எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

உள்ளே நடப்பது இதுதான். கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றைக் கொக்கிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி நிறைய இருந்தால் ரத்தம் சுத்தமாகும், குறைந்தால் எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கித் தமனிச் சுவரில் படியும். மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்து 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். பரம்பரை நோய் உள்ளவர்களுக்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு வந்திருக்கும். அவர்களுக்குப் பாதிக் கொக்கிகள்தான் வேலை செய்யும். பத்தியம் எவ்வளவு இருந்தாலும் இந்தக் குறையை அது ஈடு செய்யாது.

இனி வரும் மருந்துகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வழியில் இந்தக் கொக்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டுபவைதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் ஒன்றோடு இன்னொன்றை ஏன் சேர்க்கிறார்கள் என்பது எளிதில் விளங்கும்.

ஐந்தாம் படி: உணவில் என்ன எதிர்பார்க்கலாம்?

நன்றாகக் கடைப்பிடித்தால் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் குறையும். ஓட்ஸ், பார்லி, பயறு வகைகள், வெண்டைக்காய், கொய்யா போன்றவற்றின் கரையும் நார்ச்சத்து உதவும். தேங்காய் எண்ணெய் பற்றி நம் ஊரில் ஓயாத விவாதம் உண்டு. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சுமார் 10 மில்லிகிராம் ஏற்றுகிறது. வீட்டில் தினமும் அதில்தான் சமையல் என்றால் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சட்னிக்குப் போடும் ஒரு பிடித் தேங்காயை நினைத்துப் பயந்து நடுங்க வேண்டியதில்லை.

பூண்டு, வெந்தயம், கருஞ்சீரகத்தால் இவ்வளவு பெரிய பிரச்சினை தீராது. சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று இயற்கை மருந்தாக விற்கப்படும் மாத்திரை வேலை செய்யும்தான். ஏனென்றால் அதில் இருக்கும் மொனாகோலின் கே என்பதே லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின். எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத ஸ்டாட்டினைப் போடுவதைவிட, அளவு தெரிந்ததைப் போடுவது நல்லது.

ஆறாம் படி: ஸ்டாட்டினை முழு அளவுக்குக் கொண்டுபோவது

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1987-ல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்வதை இது தடுக்கும். உள்ளே பற்றாக்குறை வந்ததும் கல்லீரல் கூடுதல் கொக்கிகளை வெளியே நிறுத்தி ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுக்கும்.

அட்டோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80 மி.கி., ரோசுவாஸ்டாட்டின் 20 அல்லது 40 மி.கி. என்பதுதான் முழு வீரியம். அந்த அளவில் எல்டிஎல் பாதியாகவோ அதற்கும் கீழேயோ இறங்கும். ஆசியர்களின் ரத்தத்தில் ரோசுவாஸ்டாட்டின் அளவு வெள்ளையர்களைவிடச் சுமார் இரு மடங்காக ஏறும் என்பதால், நம்மவர்களுக்குச் சிறிய டோஸில் தொடங்கிக் கவனமாக ஏற்றுவார்கள். இந்த இரண்டையும் எந்த நேரத்திலும் போடலாம். இரவில்தான் போட வேண்டும் என்பது சிம்வாஸ்டாட்டின் போன்ற பழைய, சீக்கிரம் வெளியேறிவிடும் மருந்துகளுக்குச் சொன்னது.

டோஸை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது. ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம் மட்டுமே. அதனால் ஓரளவுக்கு மேல் அதே மாத்திரையை ஏற்றிக்கொண்டே போவதைவிட வேறு வழியில் வேலை செய்யும் இரண்டாவது மருந்தைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

தசை வலி வந்தால்

பலர் நிறுத்திவிடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். வலி பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காரணம் எப்போதும் மாத்திரைதானா? இங்கிலாந்தில் 2020-ல் வெளியான சாம்சன் ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டாட்டின், சில மாதங்கள் மருந்தில்லாத போலி மாத்திரை, சில மாதங்கள் எதுவும் இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் வந்தது. ஆய்வு முடிந்த பிறகு அவர்களில் பாதிப் பேர் ஸ்டாட்டினை மறுபடி தொடங்கினார்கள்.

செய்ய வேண்டியது இது. சிகே (தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), டிஎஸ்ஹெச், வைட்டமின் டி மூன்றையும் பாருங்கள். கூடவே போடும் மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள். கிளாரித்ரோமைசின், இட்ரகோனசோல், ஜெம்ஃபைப்ரோசில் போன்றவை சில ஸ்டாட்டின்களின் அளவை ரத்தத்தில் எகிறச் செய்யும். மருத்துவர் சொன்னால் 2 முதல் 4 வாரம் நிறுத்திப் பார்க்கலாம். வலி போய்விட்டால் வேறு ஸ்டாட்டினைச் சிறிய டோஸில் முயலலாம், ஒன்றுவிட்டு ஒருநாள் ரோசுவாஸ்டாட்டின் போடுவதும் பலருக்கு ஒத்துப்போகிறது. தாங்க முடியாத தசை வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இது அரிது, ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது.

ஸ்டாட்டின் சர்க்கரையைக் கொண்டுவரும் என்ற பயத்திலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஏற்கெனவே எல்லையில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் சற்று முன்னதாக வரலாம். மாரடைப்பைத் தடுப்பதில் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது.

ஏழாம் படி: இரண்டாவது, மூன்றாவது மாத்திரை

எஸெடிமைப் 10 மி.கி. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். ஸ்டாட்டினோடு சேர்த்தால் மேலும் 20 சதவீதம் வரை குறையும். இம்ப்ரூவ்-இட் என்ற ஆய்வு 2015-ல் வெளியானது. மாரடைப்போ நெஞ்சுவலி நெருக்கடியோ வந்த 18,144 பேரிடம், ஸ்டாட்டினோடு இதைச் சேர்த்தால் மாரடைப்பும் பக்கவாதமும் குறைகின்றன என்று அது காட்டியது. பக்கவிளைவு குறைவு, விலையும் தாங்கக்கூடியது. ரோசுவாஸ்டாட்டினோடு சேர்ந்த ஒரே மாத்திரையாகவும் கிடைக்கிறது. எல்டிஎல் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு இரண்டையும் முதல் நாளிலிருந்தே கொடுக்கலாம் என்பது என் கருத்தும்கூட.

பெம்பெடோயிக் ஆசிட் 180 மி.கி. ஸ்டாட்டின் தடுக்கும் அதே பாதையைச் சற்று முன்னால் தடுக்கும். கல்லீரலில் மட்டுமே உயிர்பெறும், தசைக்குள் வேலை செய்யாது. அதனால் ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது நல்ல வழி. அப்படிப்பட்ட சுமார் 14,000 பேரிடம் நடந்த கிளியர் அவுட்கம்ஸ் ஆய்வு 2023-ல் வந்தது. எல்டிஎல் 21 சதவீதமும், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 13 சதவீதமும் குறைந்தன. யூரிக் ஆசிட் ஏறும். கவுட் (யூரிக் ஆசிட்டால் வரும் மூட்டு வீக்கம்) அல்லது பித்தப்பைக் கல் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கொலெஸ்டிரமைன், கொலெசெவெலாம் ஆகியவை பித்த அமிலத்தைக் குடலில் பிடித்து வெளியேற்றும். மலச்சிக்கல், வயிற்று உப்புசம் வரும். ட்ரைகிளிசரைடை ஏற்றும். மற்ற மருந்துகளோடு நேர இடைவெளியும் விட வேண்டும். இப்போது அதிகம் தேவைப்படுவதில்லை. ஃபெனோஃபைப்ரேட் ட்ரைகிளிசரைடுக்கானது. அது 500-ஐத் தாண்டிக் கணைய அழற்சி பயம் வரும்போது முக்கியம், எல்டிஎல்லுக்காக அதை நம்ப வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மருந்தில்லாமல் எல்டிஎல் 220 இருந்த ஒருவருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40-ல் 110 ஆகிறது. டோஸை 80 ஆக்கினால் சுமார் 98. அதற்குப் பதில் 40-லேயே வைத்து எஸெடிமைப் சேர்த்தால் சுமார் 88. பெம்பெடோயிக் ஆசிட்டும் சேர்ந்தால் 70-ஐ நெருங்கும். அவருக்கு மாரடைப்பு வந்திருந்தால் இலக்கு 55. இங்கேதான் ஊசி வருகிறது.

எட்டாம் படி: ஊசிகள்

பிசிஎஸ்கே9 என்ற புரதம் கல்லீரலின் கொக்கிகளை அழித்துவிடும். 2003-ல் பிரான்சில் பரம்பரை அதிக கொலஸ்ட்ரால் உள்ள குடும்பங்களில் இந்தப் புரதத்துக்கான மரபணு வேகம் கூடியிருப்பதைக் கண்டார்கள். பிறகு அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் இருவரும் இதற்கு நேர் எதிரானவர்களைத் தேடிப் பிடித்தார்கள். இந்த மரபணுவின் ஒரு பிரதி வேலை செய்யாத கறுப்பின மக்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதய நோய் 88 சதவீதம் குறைவு. பிறந்ததிலிருந்து எல்டிஎல் கொஞ்சம் குறைவாக இருந்தாலே எவ்வளவு பாதுகாப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் புரதத்தை முடக்கும் எவலோகுமாப், அலிரோகுமாப் ஊசிகள் 2015-ல் வந்தன. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில், இன்சுலின் போல நீங்களே போட்டுக்கொள்ளலாம். எல்டிஎல் 60 சதவீதம் வரை இறங்கும். மேலே சொன்ன 88 இப்போது 35 ஆகிவிடும். 27,564 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான ஃபூரியர் ஆய்வில் எல்டிஎல் 92-லிருந்து 30-க்கு இறங்கியது, மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட இதய ரத்தநாளப் பாதிப்புகளும் குறைந்தன. மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும்.

இன்க்ளிசிரான் வேறு விதம். கல்லீரல் அந்தப் புரதத்தைச் செய்வதையே நிறுத்தும். முதல் ஊசி, மூன்று மாதம் கழித்து இரண்டாவது, அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மருத்துவமனையில் போடுவார்கள். எல்டிஎல் சுமார் பாதியாகும். மாத்திரையை அடிக்கடி மறப்பவர்களுக்கு இது வசதி.

விலைதான் பெரிய தடை. பல மருத்துவக் காப்பீடுகள் வெளிநோயாளி மருந்துக்குப் பணம் தருவதில்லை. தொடங்கும் முன் ஒரு வருடச் செலவை முழுதாகக் கேட்டறியுங்கள், நிறுவனத்தின் சலுகைத் திட்டம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இரண்டு ஊசி போட்டுவிட்டுக் கட்டுப்படியாகாமல் நிறுத்தினால் எல்டிஎல் திரும்ப ஏறிவிடும். ஊசி தொடங்கினாலும் மாத்திரைகள் தொடர வேண்டும்.

ஒன்பதாம் படி: குழந்தைக்கே எல்டிஎல் 400-க்கு மேல் இருந்தால்

பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்த குழந்தைகளுக்குக் கொக்கிகள் ஏறக்குறைய இருக்காது. சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் உள்ள நம் ஊரில் இதற்கான வாய்ப்பு கூடுதல். 10 வயதுக்கு முன்பே முழங்கை, முழங்கால், பிட்டம், குதிகால் பகுதிகளில் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள் தெரியும். தோல் நோய் என்று களிம்பு தடவிக்கொண்டு வருடங்களை வீணாக்காமல் ஒரு லிபிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை செய்துவிடுங்கள். சிகிச்சை இல்லாவிட்டால் பதின்வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும்.

கொக்கியே இல்லாத இடத்தில் கொக்கியைக் காப்பாற்றும் மருந்து எடுபடாது. ஆகவே வேறு வழிகள் தேவை. டயாலிசிஸ் போலவே ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டு எல்டிஎல்லை மட்டும் பிரித்தெடுக்கும் அஃபெரிசிஸ், வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒரு முறை நடக்கும். எவினாகுமாப் என்ற ஊசி கொக்கிகளை நம்பாமல் எல்டிஎல்லைப் பாதியாக்குகிறது, அமெரிக்காவில் 2021-ல் அனுமதி பெற்றது. லோமிடாபைட் மாத்திரை கல்லீரல் கொழுப்பை வெளியே அனுப்புவதையே தடுக்கும், அதனால் கல்லீரலில் கொழுப்பு சேரும் ஆபத்து உண்டு. கடைசி வழி கல்லீரல் மாற்று அறுவை. 1984-ல் பிட்ஸ்பர்கில் தாமஸ் ஸ்டார்சல் குழு இந்த நோய் உள்ள 6 வயதுச் சிறுமிக்கு இதயத்தையும் கல்லீரலையும் சேர்த்து மாற்றியது. புதுக் கல்லீரலின் ஏற்பிகள் வேலை செய்ததும் அவளுடைய கொலஸ்ட்ரால் சரசரவென்று இறங்கியது.

பத்தாம் படி: வீட்டில் மற்றவர்கள்

பரம்பரை அதிக கொலஸ்ட்ரால் என்று ஒருவருக்கு உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இருக்க 50 சதவீத வாய்ப்பு. மரபணுப் பரிசோதனைக்கு வசதி இல்லாவிட்டாலும் சாதாரண லிபிட் ப்ரொஃபைல் போதும், வெறும் வயிறு என்பதும் கட்டாயமில்லை. கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று ரிப்போர்ட்டை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. இதனால் தங்கைக்கோ தம்பிக்கோ நோய் தெரிவதே முதல் மாரடைப்பில்தான் என்றாகிவிடுகிறது. தயவு செய்து சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு 2 வயதுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பரிசோதிக்கலாம். தேவைப்பட்டால் 8 முதல் 10 வயதில் ஸ்டாட்டின் தொடங்குவார்கள், வளர்ச்சியைக் கண்காணித்துக்கொண்டே. இந்த நோய் உள்ள பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிட்டால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் பெரும்பாலும் ஸ்டாட்டினை நிறுத்திவைப்பார்கள். மாத்திரை போடும்போதே எதிர்பாராமல் கரு உண்டாகிவிட்டால் பதற வேண்டாம். மருத்துவரை அழைத்துச் சொல்லி, அடுத்து எப்போது மருந்தைத் தொடங்குவது என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு அதை மறந்துபோகிறவர்கள் நிறைய.